கடன் கொடுக்க வந்தார், கைகொடுக்க வந்தாரில்லை!

கீரமங்கலத்துப் பூச்சந்தையை அறியாதார் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் இரார். விடியுமுன் பறித்த மல்லிகையும் முல்லையும் சம்பங்கியும் கதிரவன் ஏறுமுன் விலையாகி, ஊரூராய்ப் போய்விடும். 2020ஆம் ஆண்டு (தி.பி. 2051) மார்ச்சு 24ஆம் நாள் இரவு எட்டு மணிக்குத் தலைமையமைச்சர் நரேந்திர மோடி தொலைக்காட்சியில் தோன்றினார், நள்ளிரவு தொடங்கி இருபத்தொரு நாள் நாடெங்கும் அடைப்பு என்றார். இடையில் இருந்தவை நான்கு மணி நேரம்! பூங்கொடிக்கு அடைப்புத் தெரியுமா? மறுநாளும் அது பூத்தது. கோயில்கள் சார்த்தப்பெற்றன, திருமணங்கள் தள்ளிப்போயின, வண்டிகள் நின்றன. பறியாது விட்டால் செடி கெடும். பறித்தால் பறிகூலியும் கைப்பொருளிலிருந்து போகும். பறித்தார்கள், குப்பையில் கொட்டினார்கள்.

பூவுக்கு நேர்ந்ததே பிறவற்றுக்கும். வடகாடு, ஆலங்குடிப் பக்கத்துப் பலா மரத்தடியில் பழுத்து அழுகிற்று. ஆதனக்கோட்டைச் சாலையோரத்தில் முந்திரி வறுத்து உடைத்து விற்கும் பெண்டிர்க்கு வழிப்போக்கரே வாராராயினர். கோட்டைப்பட்டினத்தும் செகதாப்பட்டினத்தும் மீனவர்க்கு அடைப்பின் பின்னாலேயே ஏப்பிரல் 15 முதல் ஆண்டுதோறும் வரும் மீன்பிடித் தடையும் வந்தது. அதனை அவ்வாண்டு மே 31 உடன் முடித்தார்கள் என்பது மட்டுமே ஆறுதல். சிங்கைக்குப் பிழைக்கச் சென்ற நம் இளைஞர் அங்கே தொழிலாளர் விடுதிகளில் அடைபட்டுக் கிடந்தனர். இவையனைத்தும் 2018 நவம்பர் 16ஆம் நாள் கசாப் புயல் நம் தென்னைகளைச் சாய்த்த பதினாறே திங்களில்!

நோய் பரவாமல் தடுக்க மக்கள் விலகியிருத்தல் வேண்டும் என்பதை நாம் மறுத்தோமல்லேம். கொரோனா என உலகு வழங்கிய அக்கொள்ளை நோய் நம்மிலும் எத்தனையோ பேரைக் கொண்டு போயிற்று. நாம் கேட்பது வேறு. அடைப்பால் ஊர் காக்கப்பட்டதென்றால், அவ்வடைப்பின் விலையை யார் கொடுத்தார்?

மே 12ஆம் நாள் தில்லி 20 இலக்கம் கோடி உருபா என்று முழங்கியது. நம் மதுரையிற் பிறந்த நிதியமைச்சர் நிருமலா சீத்தாராமன் 13 முதல் 17 வரை ஐந்து நாள் அமர்ந்து அதனை விரித்துரைத்தார். விரித்துப் பார்த்தால் அதில் 8 இலக்கம் கோடிக்கு மேற்பட்டது, வங்கிகள் கடன் கொடுக்கட்டும் என்று ரிசர்வு வங்கி திறந்துவிட்ட பணம். சிறுதொழில்களுக்கு ஈடில்லாக் கடன் 3 இலக்கம் கோடி. கடன், கடன், மேலும் கடன்! கீரமங்கலத்து உழவனுக்கு இல்லாமற் போனது முதலா? அவனிடம் நிலமும் செடியும் இருந்தன; பூவும் இருந்தது. இல்லாமற் போனவன் வாங்குவோன். வாங்குவோன் கையில் காசு வைக்காமல் விற்போன் கையில் கடன் சீட்டை வைப்பது எவ்வகைப் பொருளியல்?

நேரே கைக்கு வந்தது சிறிதே. பெண்டிரின் மக்கள் நிதிக் கணக்குகளில் திங்களுக்கு 500 உருபாவாக மூன்று திங்கள் போட்டார்கள்; அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். ஊரக வேலையுறுதித் திட்டத்திற்கு 40,000 கோடி கூட்டினார்கள். தமிழ்நாட்டில் அதன் நாட்கூலி 229 உருபாவிலிருந்து 256 ஆயிற்று. இஃதொன்று உண்மையாகவே ஊரைத் தாங்கியது. தாங்கியதைத் தாங்கியது என்றே சொல்வோம். தமிழ்நாட்டரசு 2020இல் குடும்ப அட்டைக்கு 1,000 உருபாவும், அடுத்த ஆண்டு இரு தவணையாக 4,000 உருபாவும் கொடுத்தது. வருவாய் வறண்ட அரசு கொடுத்தது அது.

கடன் தவணைகளை ஒத்திவைக்கலாம் என்று ரிசர்வு வங்கி மார்ச்சு 27இல் அறிவித்தது. பின்னர் ஆகத்து 31 வரை அது நீட்டிக்கப்பட்டது. தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை. வட்டிக்கும் வட்டியா என்று உச்சநயன்மன்றத்தில் வழக்காடிய பின்னரே, 2 கோடி வரையிலான கடன்களுக்கு அதனைத் தில்லி ஏற்றது. என்னிடம் பயின்ற பிள்ளை ஒருவனின் தாய் மகளிர் குழுவில் கடன் பெற்றிருந்தார். ஊரடங்கிலும் தண்டலுக்கு ஆள் வந்தான். ஒத்திவைப்பு அறிவிப்பை நாளிதழில் காட்டினேன். "அது பெரிய வங்கிகளுக்கு ஐயா, எங்களுக்கு இல்லை" என்றான். அந்த அம்மையார் காதிற் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்துத் தவணை கட்டினார்.

இனி, மற்றொரு சந்தையையும் பாருங்கள். நம் மொழியில் இரண்டுக்கும் பெயர் ஒன்றே! மும்பைப் பங்குச் சந்தைக் குறியீட்டெண் மார்ச்சு 23 அன்று ஒரே நாளில் 3,934 புள்ளி வீழ்ந்து 26,000க்கும் கீழே போயிற்று. ஏப்பிரல் முதல் சூன் வரையான காலாண்டில் நாட்டின் விளைவாக்கம் முன்னாண்டினும் ஏறத்தாழ 24 விழுக்காடு சுருங்கியது. ஆயின் 2021 சனவரி 21ஆம் நாள் அதே குறியீட்டெண் 50,000ஐத் தொட்டது! இது மாயமன்று. ரிசர்வு வங்கி தன் வட்டியை 4 விழுக்காட்டுக்கு இறக்கியது. உலகெங்கும் மலிந்த பணம் தங்குமிடம் தேடியது. சிறு கடைகளும் பட்டறைகளும் மூடிய இடத்தில் பெருநிறுவனங்கள் கால் பரப்பின. பங்கை வாங்கியவன் நாட்டின் நலத்தை வாங்கவில்லை. சிறியவன் விட்டுப்போன வணிகம் பெரியவனுக்கு வரும் என்னும் எதிர்பார்ப்பை வாங்கினான்.

இவ்வளவுக்கும் பொதுநலவாழ்வு மாநிலப் பட்டியலில் உள்ளது. மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் சம்பளம் கொடுப்பது மாநிலம். பணப்பெட்டியின் திறவுகோலோ தில்லியில். பண்ட, பணி வரி வந்தபோது இழப்பை ஐந்தாண்டு ஈடு செய்வோம் என்றவர்கள், 2020 ஆகத்து 27இல், இது கடவுளின் செயல், கடன் வாங்கிக் கொள்ளுங்கள் என்றார்கள். கடன் வரம்பை 3 விழுக்காட்டிலிருந்து 5 ஆக உயர்த்தினார்கள். அவ்விரண்டு விழுக்காட்டில் அரை விழுக்காடே தடையற்றது. மிச்சத்துக்கு ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை, மின்வாரியச் சீர்திருத்தம் என்று கட்டுப்பாடுகள்! மூச்சுத் திணறுகிறவனிடம் கையெழுத்து வாங்குவது போன்றதன்றோ இது? நிறுவனங்கள் தம் ஊதியத்தில் ஒதுக்கும் சமூகப் பொறுப்புப் பணத்தைத் தலைமையமைச்சரின் புதிய நிதிக்குக் கொடுத்தால் கணக்கில் சேரும், முதலமைச்சர் நிதிக்குக் கொடுத்தால் சேராது என்றும் 2020 ஏப்பிரலில் விளக்கம் வந்தது. தமிழ்நாட்டு மண்ணில் ஈட்டிய ஊதியத்துக்கும் அதே விதி.

தடுப்பூசியிலும் இதுவே. 2021 ஏப்பிரலில் ஒரே ஊசிக்கு நடுவணரசுக்கு 150 உருபா, மாநிலங்களுக்கு 400 என்று விலை சொல்லப்பட்டது. எதிர்ப்பு எழுந்தபின் 300 ஆயிற்று. சூன் 7இல் தான் அம்முறை கைவிடப்பட்டது. அப்போது செங்கற்பட்டில், பொதுப்பணத்தில் கட்டிய தடுப்பூசி வளாகம் ஊசி ஒன்றும் செய்யாமல் நின்றுகொண்டிருந்தது. எங்களிடம் தாருங்கள், இயக்குகிறோம் என்று தமிழ்நாட்டரசு கேட்டது.

நம் புதுக்கோட்டைக்கு ஒருகால் தனிக்காசே இருந்தது, அம்மன் காசு. (அதன் புறத்தே 'விசய' என்பதைத் தெலுங்கெழுத்தில் பொறித்தார்கள் என்பது வேறு வருத்தம்.) வெள்ளையன் மேலாண்மைக்கு அடங்கிய சிற்றரசுதான், எனினும் ஒன்பதிரவு விழாவில் அரிசியோடு அக்காசையும் எளியவர் கையில் வைத்தது. 1948 மார்ச்சு 3இல் சிற்றரசு இணைந்தது, காசும் போயிற்று.

நம் மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளிலும் வாக்குக் கேட்டு வருவோரிடம் இதைக் கேளுங்கள்: அடுத்த கொள்ளை நோய் வரும்போது, தில்லியின் கையெழுத்துக்குக் காத்திராமல் தமிழ்நாட்டரசு எத்தனை நாள் தன் மக்களுக்குச் சோறும் காசும் கொடுக்க இயலும்? விடையை எழுத்தில் வாங்குங்கள்.