பேராதனை வரை வந்த பிள்ளைகள் முதலாமாண்டில் ஏன் தடுமாறுகிறார்கள்?

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாளில் வடக்கு, கிழக்கு, மலையகப் பாடசாலைகளின் வாசல்களில் பதாகைகள் ஏறும். மாவட்ட நிலை, பாடசாலை வரலாற்றில் முதன்முறை, தகப்பனின் கூலித்தொழில், தாயின் தனிமை எல்லாம் முகநூலில் வலம்வரும். பழைய மாணவர் சங்கம் மடிகணினி கொடுக்கும். புலம்பெயர் உறவு ஒருவர் மாதாந்த உதவியைப் பொறுப்பேற்பார். அந்தப் பிள்ளை பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்ததும் எங்கள் கவனம் அடுத்த வருடப் பெறுபேற்றுக்குப் போய்விடும்.

ஆனால் அந்தப் பிள்ளையின் மிகக் கடினமான வருடம் அங்கேதான் தொடங்குகிறது. பேராதனையில் கற்பிப்பவர்களிடம் பேசினால் பீட வேறுபாடின்றி ஏறத்தாழ ஒரே முறைப்பாடுதான் வரும். வருகிற மாணவர்களுக்கு நீண்ட கட்டுரையொன்றை வாசித்து முடிக்கத் தெரியவில்லை. விரிவுரையைக் கேட்டபடி குறிப்பெடுக்க முடியவில்லை. வாசித்ததைச் சொந்த வசனத்தில் எழுதத் தெரியவில்லை. ஒப்படை கேட்டால் இணையத்திலிருந்து வெட்டி ஒட்டுகிறார்கள், இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு வாங்கித் தருகிறார்கள். ஆங்கிலம் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

முறைப்பாடு பொய்யல்ல. ஆனால் அதிலிருந்து ‘தகுதியில்லாதவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள்’ என்ற முடிவுக்குத் தாவுவதுதான் ஆபத்து. தமிழ்ச் சமூகம் இந்த வாதத்தை இருமுறை யோசித்துக் கையாள வேண்டும்.

பரீட்சை கேட்பதும் பல்கலைக்கழகம் கேட்பதும்

எங்கள் உயர்தர மாணவர் சோம்பேறி அல்ல. பதின்மூன்று வருடப் பாடசாலை வாழ்வில் கடைசி இரண்டரை வருடத்தை அவர் பாடசாலையிலும் ரியூசனிலும் கடந்தகால வினாத்தாள்களோடும் கழித்தவர். புள்ளித்திட்டத்தில் எந்தச் சொல்லுக்கு எத்தனை புள்ளி என்பது அவருக்கு மனப்பாடம். ஆசிரியர் சொல்ல எழுதிய குறிப்பே அவருடைய நூல். பாடத்துக்கு வெளியே ஒரு முழுப் புத்தகத்தை வாசிப்பது அந்தக் காலத்தில் நேர விரயம் என்று வீட்டிலேயே கண்டிக்கப்பட்டிருப்பார்.

2001ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள இசட் புள்ளி முறை இந்த உழைப்பைத் தசமதானங்களில் அளக்கிறது. பொது ஆங்கிலத்துக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. ஆகவே பொது ஆங்கிலப் பாடவேளை பல பாடசாலைகளில் பெயரளவில்தான் நடக்கிறது. மாணவர் கெட்டித்தனமாகவே நடந்துகொள்கிறார்: எதற்குப் புள்ளியோ அதைப் படிக்கிறார். பல்கலைக்கழகம் திடீரென வேறொன்றைக் கேட்கிறது. மூன்று நூல்களை ஒப்பிட்டு எழுது, மூலத்தைக் குறிப்பிடு, உன் கருத்தைச் சொல் என்கிறது. அதுவரை கேட்கப்படாத ஒன்றை அவர் கற்காமல் வந்தது அவர் குற்றமாகாது.

மொழிப் பிரச்சினை இதன்மேல் வந்து ஏறுகிறது. பேராதனையில் கலைப்பீடத்தில் தமிழிலும் கற்கலாம். பொறியியல், மருத்துவம், விஞ்ஞானம் போன்ற பீடங்களில் ஆங்கிலமே. உயர்தரப் பௌதிகவியலில் எங்கள் பிள்ளை ‘கதி’, ‘வேகம்’, ‘ஆர்முடுகல்’ என்று படித்திருப்பார். விரிவுரை மண்டபத்தில் அவை ஸ்பீட், வெலோசிட்டி, அக்சலரேஷன் ஆகின்றன. புரியவில்லை என்று யூடியூப்பில் தமிழ் விளக்கம் தேடினால் தமிழ்நாட்டுக் காணொளிதான் முதலில் வரும். அங்கே எங்கள் ‘கதி’தான் ‘வேகம்’, எங்கள் ‘வேகம்’ ‘திசைவேகம்’, எங்கள் ‘ஆர்முடுகல்’ ‘முடுக்கம்’. ஒட்சிசன் ஆக்சிஜன் ஆகிவிடும். விடயம் தெரிந்த பிள்ளை சொல் தெரியாததால் தெரியாதவர் போல நிற்கிறார்.

சிங்களப் பிள்ளைக்கும் இந்த நிலை உண்டு. மொனராகலையிலிருந்து வரும் சிங்கள மாணவரும் ஆங்கில விரிவுரையில் தவிக்கிறார். ஆனால் விரிவுரை முடிந்ததும் அவருக்கு அலுவலகமும் விடுதியும் ஆய்வுகூட உதவியாளரும் தாய்மொழியில் கிடைக்கிறார்கள். முல்லைத்தீவு மாணவருக்கு விரிவுரை ஆங்கிலம், மற்றதெல்லாம் சிங்களம். தமிழ் அரசகரும மொழி என்பது சட்டத்தில் இருக்கிறது. கண்டியில் ஒரு படிவத்தை நிரப்பப் போனால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியும்.

2009 இல் முதலாம் தரம்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2009 ஜனவரியில் முதலாம் தரத்தில் சேரவேண்டியிருந்த வன்னிப் பிள்ளை, இடறாமல் போயிருந்தால், 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரத்தை எழுதியிருப்பார். அந்த ஜனவரியில் கிளிநொச்சி வெறிச்சோடிக் கிடந்தது. பாடசாலைகள் மரங்களுக்குக் கீழும் பின்னர் எங்குமில்லாமலும் போயின. மே மாதத்துக்குப் பின் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் அடைக்கப்பட்ட முகாம்களுக்குள், பெரும்பாலும் மெனிக்பாமில், எழுத்தறிவு தொடங்கியது. அதே ஆண்டு ஓகஸ்டில் உயர்தரப் பரீட்சையும் முகாமுக்குள் நடந்தது. அதை எழுதிச் சித்தியடைந்தவர்களைப் பெருமையோடு நினைவுகூர்கிறோம். அப்போது ‘அ’னா எழுதப் பழகவேண்டியிருந்த பிள்ளைகளை யாரும் கணக்கெடுக்கவில்லை.

அந்தப் பிள்ளை உயர்தர வகுப்புக்கு வந்த வருடம் 2020. கொரோனாவால் பாடசாலை மூடியது. சூம் வகுப்புக்குத் தொலைபேசி வேண்டும், டேட்டா வேண்டும், சிக்னல் வேண்டும். 2022 இல் எரிபொருள் இல்லை, ஆசிரியர் வர முடியவில்லை. 2022க்குரிய பரீட்சை 2023 ஜனவரியில்தான் நடந்தது, பெறுபேறு வர செப்டெம்பர் ஆனது. அடுத்து வந்த அணிகளுக்கும் அமைதி கிடைக்கவில்லை. 2024 நவம்பரில் வெள்ளத்தாலும் 2025 நவம்பரில் டித்வா புயலாலும் உயர்தரப் பரீட்சை நடுவில் நிறுத்தப்பட்டது.

வாசிப்புப் பழக்கம், கூட்டல் கழித்தல், கேள்வி கேட்கும் துணிவு எல்லாம் ஆரம்ப வகுப்புகளில் ஊன்றுபவை. அடியில் விடுபட்ட கல்லை ரியூசன் பூச்சால் மறைக்கலாம், சுமை ஏறும்போது அது தெரிந்துவிடும். அந்தச் சுமை ஏறும் இடம் பல்கலைக்கழக முதலாமாண்டு.

கண்டியின் மலைச்சரிவில்

பேராதனை வளாகத்துக்கு மேலே ஹந்தானை மலை. அதைத் தாண்டினால் கலஹா, தெல்தோட்டை, அப்பால் புசல்லாவை. வளாகத்திலிருந்து சில மணி நேரப் பயணத்துக்குள் லயன் வீடுகளில் வாழும் பிள்ளைகளுக்கு இந்தப் பல்கலைக்கழகம் நீண்டகாலம் வேறு நாடாகவே இருந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான்.

பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான துறைகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. நுவரெலியா பின்தங்கிய மாவட்டம். கண்டி அப்படியல்ல. ஆகவே கலஹாவிலுள்ள தோட்டப் பிள்ளை, கண்டி நகரின் திரித்துவக் கல்லூரி, தர்மராஜ, மஹாமாயா மாணவர்களோடு ஒரே மாவட்டப் பங்குக்குப் போட்டியிட வேண்டும். எல்லைக்கோட்டுக்கு அப்பால் அதே தேயிலை, அதே லயன், அதே சம்பளம், ஆனால் வேறு வெட்டுப்புள்ளி.

1977 இலும் 1983 இலும் வன்செயல்களால் விரட்டப்பட்ட மலையகக் குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவில் குடியேறின. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் 2009க்குப் பின் பேராதனைக்கு வரும்போது, தாத்தா ஓடிய மலைக்கே திரும்புகிறார்கள். தோட்டப் பாடசாலையின் இழப்பும் போரின் இழப்பும் ஒரே பிள்ளையின் புத்தகப்பையில் இருக்கின்றன.

தரப்படுத்தலின் நிழல்

‘ஒதுக்கீட்டில் வந்தவர்களால் தரம் கெட்டது’ என்று தமிழர் சொல்லும்போது, 1971 இலிருந்து தொடங்கும் வரலாறு குரலில் ஒலிக்கிறது. அந்த வருடம் பேராதனைப் பொறியியற்பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 250 புள்ளி எடுக்க வேண்டியிருந்தது, சிங்களமொழி மூல மாணவருக்கு 227 போதுமானதாக இருந்தது. அது மொழியின் பெயரால் செய்யப்பட்ட அநீதி. அந்தக் கோபத்திலிருந்து ஒரு தலைமுறை எங்கே போனது என்பதை இதை வாசிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஆனால் அதன்பின் வந்த மாவட்ட ஒதுக்கீடு வேறு விடயம். யாழ்ப்பாணத்தின் பெரிய பாடசாலைகளுக்கு அது இழப்பு. மன்னாருக்கும் மட்டக்களப்புக்கும் அது கதவு. இன்று கிளிநொச்சியும் முல்லைத்தீவும் நுவரெலியாவும் அந்தக் கதவால்தான் பெருமளவு உள்ளே வருகின்றன. கதவைத் திறந்துவிட்டு, உள்ளே வந்தவர் நிற்கத் துணை கொடுக்காமல் விடுவது பாதி நீதி. தடுமாறுபவரைக் காட்டிக் கதவையே மூடச் சொல்வது முழு அநீதி.

‘நாங்கள் குப்பி விளக்கில் படித்துத்தானே வந்தோம்’ என்பார்கள் மூத்தவர்கள். உண்மை. பொருளாதாரத் தடையும் மின்சாரமின்மையும் இருந்த தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்திலிருந்து பொறியியலாளர்களும் வைத்தியர்களும் வந்தார்கள். ஆனால் அங்கே அனுபவமுள்ள ஆசிரியர்கள் இருந்தார்கள், நூறு வருடம் கடந்த பாடசாலைகள் இருந்தன, வாசிக்கும் சமூகம் இருந்தது. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் 904 மாணவர்களுடன் தொடங்கியது. இன்று அரச பல்கலைக்கழகங்களுக்கு வருடம் 40,000 பேருக்கு மேல் அனுமதிக்கப்படுகிறார்கள். பலர் குடும்பத்தில் முதல் ஆள். அவர்களை அன்றைய 904 பேரோடு ஒப்பிட்டுத் தரம் பேசுவது பொருந்தாது.

முதலாமாண்டு ஏன் தீர்மானகரமானது

தாமதமாகக் கற்றாலும் பிடித்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அமைப்பு அதற்கு இடம் தருவதில்லை. பொறியியற்பீடத்தில் முதலாமாண்டு எல்லோருக்கும் பொது. குடிசாரா, மின்னியலா, கணினியா என்ற துறை, அந்த ஆண்டின் பெறுபேற்றை வைத்துப் பகிரப்படுகிறது. கலைப்பீடத்திலும் சிறப்புப் பட்டத்துக்கான தெரிவில் முதலாமாண்டுப் புள்ளி முக்கியம். அதாவது ஆங்கிலத்தையும் குறிப்பெடுப்பதையும் விடுதி வாழ்வையும் ஒரே நேரத்தில் பழகும் அந்த வருடமே, மாணவரின் தொழிலையும் தீர்மானிக்கிறது. இரண்டாமாண்டில் நிமிர்ந்தவருக்கும் முதலாமாண்டுத் தழும்பு போவதில்லை.

அதே மாதங்களில்தான் பகிடிவதை. 1997 இல் பேராதனைப் பொறியியற்பீடத்துப் புதுமுகத் தமிழ் மாணவர் ஒருவர் அதனால் உயிரிழந்தார். 1998 இன் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. பழக்கம் இன்னும் அழியவில்லை. அதன் விதிகளில் ஒன்று புதுமுகத்தார் ஆங்கிலம் பேசக்கூடாது என்பது. சிங்கள மாணவர் வழக்கில் ஆங்கிலத்துக்குப் பெயர் ‘கடுவ’, வாள். இந்தச் சொல்லின் பின்னுள்ள வர்க்கக் கோபத்தைப் பேராதனையில் கற்பித்த மொழியியலாளர் திரு கந்தையா 1980களிலேயே ஆராய்ந்திருக்கிறார். கோபம் நியாயமானது. ஆனால் ஆங்கிலம் மிக அவசியமான பிள்ளையின் வாயை அது அடைக்கிறது. கொழும்பு சர்வதேசப் பாடசாலையில் படித்தவருக்கு அதனால் நட்டமில்லை.

என்ன செய்யலாம்?

உலகில் இதற்கு இரண்டு வழிகள் முயன்று பார்க்கப்பட்டுள்ளன. ஒன்று, முதலில் தயார்ப்படுத்திப் பின் பட்டப்படிப்பு. இந்திய ஐ.ஐ.டிகளில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு ஒரு வருட ஆயத்தப் பாடநெறி உண்டு. தென்னாபிரிக்கா நிறவெறியின் கல்விச் சேதத்தைச் சரிசெய்ய மூன்று வருடப் பட்டத்தை நான்காக நீட்டும் வழியை வைத்திருக்கிறது. மற்றது, பட்டப்படிப்போடு சேர்த்தே துணைக் கற்பித்தல். கலிபோர்னியா 2017 இல் ஏபி 705 என்ற சட்டத்தால் சமூகக் கல்லூரிகளை இப்பக்கம் திருப்பியது. தனி அடிப்படை வகுப்புகளில் இருத்தப்பட்ட மாணவர் பலர் பட்டப் பாடத்துக்கு வந்து சேரவேயில்லை என்பதே காரணம்.

எங்களிடம் இருப்பது பட்டப்படிப்பின் தொடக்கத்தில் சில வாரத் தீவிர ஆங்கிலப் பாடநெறி, பிறகு வாரத்தில் சில மணிநேரம். ஆங்கில ஆசிரியர்களின் உழைப்பைக் குறைசொல்ல முடியாது. ஆனால் பதின்மூன்று வருட இடைவெளியைச் சில வாரத்தில் நிரப்பச் சொல்கிறோம். பௌதிகவியல் கற்பிப்பவரும் சமூகவியல் கற்பிப்பவரும் தங்கள் பாடத்தை வாசிக்கவும் எழுதவும் சேர்த்துக் கற்பித்தால்தான் இது நகரும்.

அரசு செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. பரீட்சைக்கும் முதல் விரிவுரைக்கும் இடையே ஒரு வருடத்துக்கும் மேல் போவது வழமை. அந்த வருடத்தில் பிள்ளை கடையில் நிற்கிறார், அல்லது வீட்டில் இருக்கிறார். கிளிநொச்சியிலும் ஹட்டனிலும் அந்த மாதங்களில் கலைச்சொற்களை மும்மொழியிலும் பழக்கும், ஒரு நூலை முழுதாக வாசிக்க வைக்கும், கிழமைக்கு ஒரு பக்கம் எழுதித் திருத்தும் வகுப்பை நடத்தப் பெரும் பணம் தேவையில்லை. ரியூசனுக்குக் கொடுக்கும் பழைய மாணவர் சங்கங்களும் புலம்பெயர் அமைப்புகளும் அதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம்.

பல்கலைக்கழகங்களில் சிரேஷ்ட மாணவர் இளையோருக்குச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பைக் ‘குப்பி’ என்பார்கள், குப்பி விளக்கிலிருந்து வந்த பெயர். வன்னியில் அந்தச் சொல்லுக்கு வேறொரு நினைவு இருக்கிறது. பேராதனையில் அது வெளிச்சம். தமிழில் விளக்கும் அண்ணா அக்காமார் ஒரு சிலர் எத்தனையோ பேரைக் கரையேற்றியிருக்கிறார்கள். இதைப் பீடங்கள் அங்கீகரித்து, இடமும் சிறு கொடுப்பனவும் கொடுக்க வேண்டும். பகிடிவதைக்குப் போகும் அதிகாரத்தை இப்பக்கம் திருப்ப அது உதவும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. முதலாமாண்டில் யார் சித்தியடைகிறார்கள், யார் இடைவிலகுகிறார்கள் என்பதை மாவட்ட, மொழிமூல அடிப்படையில் பல்கலைக்கழகங்கள் வெளியிட வேண்டும். தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று எண்ணத் தெரிந்த நாங்கள், எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே வந்தார்கள் என்றும் எண்ணப் பழக வேண்டும்.