அந்த விளம்பரம் உங்களுக்கு மட்டும்தான் தெரிகிறது

கொஞ்சம் நீளமான பதிவு. கை வேலையை முடித்துவிட்டுப் படியுங்கள்.

"முகநூலும் வாட்ஸ்அப்பும் விளம்பரத்தை நம்பிப் பிழைப்பதால்தான் இத்தனை தொல்லை. நம்மிடமே மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டால் என்ன சார்?" என்று போன வாரம் போனில் கேட்டான் 1994-இல் பத்தாம் வகுப்பு முடித்த மாணவன் ஒருவன். இப்போது பெரிய வேலையில் இருக்கிறான். அவனுக்குச் சொன்ன பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

கணக்கு வாத்தியார் கணக்கில்தானே தொடங்க வேண்டும்? முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் வைத்திருக்கும் மெட்டா நிறுவனத்தின் 2024 வருமானம் ஏறக்குறைய 16,450 கோடி டாலர். நூற்றுக்கு 97 பங்குக்கு மேல் விளம்பரக் காசு. 2023-இன் கடைசி மூன்று மாதங்களில் முகநூல் பயன்படுத்தும் ஒருவரால் அவர்களுக்குக் கிடைத்தது அமெரிக்கா, கனடாவில் 68 டாலர். ஆசிய-பசிபிக் நாடுகளில் ஐந்தரை டாலர். அன்றைய மதிப்பில் நமக்குச் சுமார் 460 ரூபாய், அதாவது மாதம் 150 ரூபாய். ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்த சராசரி அது.

அந்த 150 ரூபாய் என் மாணவனுக்குப் பெரிதில்லை. நூறு நாள் வேலைக்குப் போய், துபாயில் இருக்கும் மகனின் முகத்தை இரவில் போனில் பார்க்கும் அம்மாவுக்குப் பெரிது. கட்டணம் வைத்தால் முதலில் வெளியே போவது அவர்தான்.

கட்டணம் வாங்கிப் பார்க்காமலும் இல்லை. வாட்ஸ்அப் ஆரம்பத்தில் ஆண்டுக்கு ஒரு டாலர் கேட்டது. விளம்பரம் விற்க மாட்டோம் என்று அதன் நிறுவனர்கள் 2012-இல் எழுதினார்கள். 2014-இல் முகநூல் அதை வாங்கியது, 2016-இல் அந்த ஒரு டாலரும் போனது. 2025 ஜூனில் ஸ்டேட்டஸ் பக்கத்தில் விளம்பரம் வரும் என்று அறிவித்துவிட்டார்கள். ஐரோப்பாவில் 2023 நவம்பரில், காசு கொடு அல்லது உன் தகவலைக் கொடு என்கிற மாதிரி ஒரு திட்டம் வந்தது. கணினியில் மாதம் 9.99 யூரோ. இது சரியான தேர்வு இல்லை என்று ஐரோப்பிய ஆணையம் 2025 ஏப்ரலில் 20 கோடி யூரோ அபராதம் போட்டது. எனக்கும் அதே எண்ணம்தான். இருக்கிறவன் காசு கட்டி விலகிக்கொள்வான். இல்லாதவன் மட்டும் அந்தச் சந்தையில் நிற்பான்.

ஆகவே விளம்பரம் இருக்கட்டும் என்பதே என் கட்சி. நாம் இலங்கை வானொலியில் பாட்டுக் கேட்டு வளர்ந்ததே விளம்பரத்தின் தயவில்தான். இன்றைக்கும் நாளிதழ் நமக்கு அந்த விலையில் கிடைப்பது விளம்பரத்தால்தான்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. வானொலியில் வந்த பல்பொடி விளம்பரம் தெருவுக்கே கேட்டது. நாளிதழில் வரும் நிலம் விற்பனை விளம்பரத்தை டீக்கடையில் பத்துப் பேர் பார்ப்பார்கள். "அது ஏரிப் புறம்போக்கு, ஏமாந்துடாதீங்க" என்று சொல்ல அந்தப் பத்தில் ஒருவர் இருப்பார். (விசாரித்து முடிவு செய்யவும் என்று ஒரு வரி போட்டு நாளிதழ்காரர்களும் நழுவுவார்கள், அது வேறு கதை.) கைபேசியில் அப்படி இல்லை. உங்கள் வயது என்ன, எந்த ஊர், நேற்று எதைத் தேடினீர்கள் என்று பார்த்து, உங்களுக்கென்று பொறுக்கி எடுத்த விளம்பரம் வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகனுக்கு அது தெரியாது.

நம் உறவில் ஒருவர், பெயர் வேண்டாம், ஓய்வு பெற்ற மூன்றாம் மாதத்தில் இப்படி ஒரு விளம்பரத்தைத் தொட்டார். பங்குச் சந்தையில் பணத்தை இரட்டிப்பாக்கலாம் என்று பிரபலமான ஒருவர் பேசுகிற காணொளி. முகமும் குரலும் அவருடையதே போல இருந்தன, பேச்சு மட்டும் அவருடையதில்லை. பணிக்கொடையில் பெரும்பகுதி போய்விட்டது. எந்தச் செயலி என்பது முக்கியமில்லை, எல்லாவற்றிலும் இது நடக்கிறது. அந்த விளம்பரம் வந்ததே வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

2024 வருமானத்தில் சுமார் 10 சதவீதம் மோசடி விளம்பரங்களாலும் தடை செய்யப்பட்ட பொருள்களின் விளம்பரங்களாலும் வரும் என்று மெட்டாவே உள்ளுக்குள் மதிப்பிட்டிருந்ததாக ராய்ட்டர்ஸ் 2025 நவம்பரில் செய்தி வெளியிட்டது. அது தோராயமான, மிகையான கணக்கு என்றது நிறுவனம். சரி, பாதி என்றே வைத்துக்கொள்வோம். 800 கோடி டாலருக்கு மேல் வருகிறது!

காசு வாங்கி விளம்பரம் போட்டவன், அதனால் ஒருவர் ஏமாந்தால் இழப்பில் பங்கு கொடுக்க வேண்டும். சட்டம் இதைச் சொன்னால் போதும், விளம்பரம் தருபவர் யார் என்று அவர்களே ஓடிப்போய் விசாரிப்பார்கள். படிக்கிற பக்கத்துக்குப் பொருந்த விளம்பரம் போடட்டும், படிக்கிற ஆளைத் துரத்த வேண்டாம். சமையல் குறிப்புக்குப் பக்கத்தில் மிக்ஸி விளம்பரம் வந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? வருமானம் குறையும் என்பார்கள். குறையட்டும்.

சட்டம் வரும்வரை ஒன்று செய்யுங்கள். பணம் பெருகும், வீட்டிலிருந்தே வேலை, வலி பறந்துவிடும் என்று ஏதாவது விளம்பரம் வந்தால் அதைத் தொடாமல், ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம் குடும்பக் குழுவில் போடுங்கள். பத்துப் பேர் பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும்போது அம்மா அப்பாவின் போனையும் வாங்கி, என்னென்ன விளம்பரம் வருகிறது என்று கூட உட்கார்ந்து பாருங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்குக் கூப்பிடச் சொல்லுங்கள். நம்மவர் கூப்பிட்டது ஒன்பது நாள் கழித்து.