மடியும் கையும்

2025 மார்ச் 14 அன்று தமிழகச் சட்டப்பேரவையில் வாசிக்கப்பட்ட நிதிநிலை அறிக்கையில் நம்மைக் கவர்ந்தது, கோடிகளுக்கு நடுவே கிடந்த ‘அல்லது’ என்ற ஒரு சொல். 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில், அவரவர் விருப்பப்படி, கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்றது அறிவிப்பு. 2000 கோடி ரூபாய் ஒதுக்கீடு. ஆனால் அதே ஆண்டில் எல்காட் நிறுவனம் ஒப்பந்தப்புள்ளி கோரியது மடிக்கணினிகளுக்குத்தான். 2026 ஜனவரியில், முதற்கட்டமாக 10 லட்சம் என்ற கணக்கில் விநியோகம் தொடங்கியபோது மாணவர் கைக்கு வந்ததும் மடிக்கணினியே. ‘அல்லது’ வழியில் எங்கோ இறங்கிக்கொண்டுவிட்டது. இதற்காக யாரும் பெரிதாக வருந்தியதாகத் தெரியவில்லை. நாம் வருந்துகிறோம், அதுவும் மடிக்கணினியின் பக்கம் நின்றுகொண்டே.

திருச்சிக்காரர்களுக்கு இதில் ஒரு முன்கதை உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்த முதலமைச்சர் ஜெயலலிதா, அப்போது ஸ்ரீரங்கம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். மூன்றே வாரங்கள் கழித்து, அக்டோபர் 5 அன்று, தில்லியில் மத்திய அரசு ‘ஆகாஷ்’ என்ற மலிவு விலைக் கைக்கணினியை வெளியிட்டது. அதன் திரை மென்மையான தொடுகைக்கு மசியாது, அழுத்த வேண்டும். மின்கலமும் நெடுநேரம் தாங்காது. எனவே ஆகாஷ் விரைவிலேயே பேச்சிலிருந்து மறைந்தது. மாணவருக்கு ஏற்றது எது என்பதைச் சென்னை ஒருவிதமாகவும் தில்லி வேறுவிதமாகவும் முடிவு செய்தன. இரண்டுமே மாணவரைக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பதாகச் சொன்னதுதான் 2025 அறிவிப்பின் பெருமை.

(பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மடி என்றால் வள்ளுவருக்குச் சோம்பல். மடியின்மைக்கு ஓர் அதிகாரமே வைத்தார். ஸ்ரீரங்கத்து உத்திர வீதிப் பாட்டிகளுக்கு அது ஆசாரம், தொட்டால் போய்விடும். இந்த இரண்டையும் தாண்டித்தான் கணினி தமிழில் மடியேறியிருக்கிறது.)

கைக்கணினிக்கு உரியதை முதலில் கொடுத்துவிடுவோம். துறையூரிலிருந்தும் மணப்பாறையிலிருந்தும் லால்குடியிலிருந்தும் காலைப் பேருந்தில் நின்றபடி திருச்சிக் கல்லூரிகளுக்கு வருகிறவர்களுக்கு எடை என்பது பெரிய விஷயம். கைக்கணினி அரைக் கிலோ அளவில் முடிந்துவிடும். மடிக்கணினி ஒன்றரைக் கிலோ, மின்னூட்டியோடு சேர்த்தால் அதற்கும் மேல். அடுத்தது பக்கத்தின் வடிவம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கும் பழைய பதிப்புகள் பெரும்பாலும் ஒளிவருடிய பக்கங்கள். புத்தகப் பக்கம் நெட்டையானது, மடிக்கணினித் திரையோ அகலமானது. பாதிப் பக்கம் படித்து, கீழிறக்கி, மீதியைத் தேடி, அதற்குள் மேலிருந்த வரி மறந்து போகும். கைக்கணினியை நிமிர்த்திப் பிடித்தால் முழுப்பக்கமும் கண்ணுக்குள் அடங்குகிறது. பொடி எழுத்தில் அச்சான வியாக்கியானங்களை இரு விரலால் அகட்டிப் பெரிதாக்கிப் படிக்கிற முதியவர்களிடம் மடிக்கணினியின் மேன்மையைப் பேசப் போனால் நமக்குத்தான் அவமானம்.

ஆக, வாசிப்பவருக்குக் கைக்கணினி. இதில் நமக்கு ஐயமில்லை. எழுதுகிறவர் என்ன செய்வார் என்பதில்தான் நம் வழக்கு தொடங்குகிறது.

ஸ்ரீரங்கத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் நம்பிள்ளை திருவாய்மொழிக்குப் பொருள் சொல்ல, கேட்கக் கூடிய கூட்டம் பெரிது என்பார்கள். பகலில் கேட்டதை இரவில் ஏட்டில் எழுதிவைத்தவர் வடக்குத் திருவீதிப் பிள்ளை. ஈடு முப்பத்தாறாயிரப்படி நமக்குக் கிடைத்தது அப்படித்தான் என்பது வைணவ மரபின் வரலாறு. கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் நல்ல ரசிகர்களாகத்தான் இருந்திருப்பார்கள். நூல் மிஞ்சியது ஒருவர் எழுத்தாணியைக் கையில் எடுத்ததால்.

இணையத் தமிழின் கதையும் வேறில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் இன்று நாம் எளிதாக இறக்கிக்கொள்ளும் சங்க நூல்களில் தொடங்கி நாவல்கள் வரை, பெரும்பகுதி பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் விசைப்பலகையில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியவை. கைக்கணினியில் படுத்தபடி படிக்கும் பிரதிக்குப் பின்னால் எவரோ ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து தட்டிய இரவுகள் இருக்கின்றன.

கைக்கணினியிலும் தட்டலாமே என்பார்கள். தட்டலாம். ஆப்பிள் கருவிகளில் 2013 முதல் தமிழ் விசைப்பலகை உடன் வருகிறது. 2017-இல் கூகுள் தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கவும் செய்தது. ஒரு குறிப்புக்கு, ஒரு கடிதத்துக்கு இவை தாராளம். ஆனால் நீண்ட கட்டுரையில் திரை விசைப்பலகை பாதித் திரையை விழுங்கிவிடுகிறது. மேலே எழுதியதைப் பார்த்துத் திருத்த இடமில்லை. பேச்சை எழுத்தாக்கும்போது லகர, ளகர, ழகரங்களைத் திருத்துவதிலேயே எழுதவந்த சிந்தனை கலைந்துபோகிறது.

இதற்கு மாறாக, 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டின் வழி வந்த தமிழ்99 விசைப்பலகையை நினைத்துப் பாருங்கள். உயிர்கள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கே தட்டல்கள். புள்ளி தானே விழுகிறது. ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்துத் தட்டினால் ஐந்து தட்டல்கள், அதற்குமேல் தமிழை ஆங்கிலத்தில் நினைக்கும் பழக்கம் வேறு. பத்து விரலும் பழகியபின் கை தானே எழுதும், கண் வாக்கியத்தின் மேல் இருக்கும். கண்ணாடித் திரையில் விரலுக்கு விசையின் விளிம்பு தட்டுப்படுவதில்லை. ஆகவே கண் விசையை விட்டு நகர முடிவதில்லை.

திருச்சியில் படித்து, ஸ்ரீரங்கத்தைக் கதைகளில் நிலைநிறுத்தி, தமிழ் வாசகர்களுக்குக் கணினியை அறிமுகப்படுத்திய சுஜாதா 2008 பிப்ரவரியில் மறைந்தார். ஐபேட் வந்தது 2010-இல். அவர் இருந்திருந்தால் இரண்டையும் வாங்கியிருப்பார் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். இருக்கலாம், எல்லோராலும் இரண்டை வாங்க முடியாது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

இவ்வளவு சொன்னபின்னும், மடிக்கணினியைத் திணித்தது சரியென்று நம்மால் சொல்ல முடியவில்லை. தமிழ் தட்டச்சு தெரியாத மாணவருக்கு மடிக்கணினி ஒரு பெரிய கைபேசி. படம் பார்க்க வசதியாக இருக்கும். கடைகளில் விற்கும் மடிக்கணினிகளின் விசைகளில் ஆங்கில எழுத்துகள் மட்டுமே பொறித்திருக்கும். தமிழில் எழுத வழி உண்டென்று யாராவது சொன்னால்தான் தெரியும். தமிழிலக்கியம் படிக்கும் மாணவர்கள்கூடக் கைபேசியில் ‘vanakkam’ வழித் தமிழோடு நின்றுவிடுவதை நாம் பார்க்கிறோம். இந்த நிலையில் ‘விருப்பம்’ என்று ஒருவர் சொல்வது, பழகிய ஒன்றைச் சுட்டுவதன்றி வேறென்ன? எழுதிப் பார்க்காதவர் எழுதும் கருவியை விரும்பவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

எனவே இனி வரும் கொள்முதல்களில் ‘அல்லது’ திரும்ப வரவேண்டும், தனியாக வரக்கூடாது. கல்லூரி நூலகத்தில் இரு கருவிகளையும் ஒரு பருவம் வைத்து, தமிழ்99-ஐ வாரம் ஒரு மணி நேரம் கற்பித்து, பருவ முடிவில் எது வேண்டுமென்று கேட்கட்டும். திருச்சியின் தட்டச்சுப் பயிலகங்களில் இளநிலை, முதுநிலைத் தேர்வுகளுக்கு மாணவர்களைத் தயார்செய்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். விசையமைப்பு மாறினாலும் விரல் பழக்கும் வித்தை அவர்களிடம் உண்டு. அப்போதும் பாதிப்பேர் கைக்கணினி கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான். வாசகர்கள் கூடுவதில் நமக்கென்ன நட்டம்?