பச்சை வாழைக்காயும் ஐரோப்பியச் சட்டமும்

உத்தமபாளையம் பக்கம் வாழை போட்டிருக்கும் விவசாயியிடம் போய் ஐரோப்பியப் போட்டிச் சட்டம் பற்றிப் பேசினால் சிரித்துவிடுவார். ஆனால் அந்தச் சட்டத்தில் இன்றும் மாணவர்கள் முதலில் படிக்கிற தீர்ப்புகளில் ஒன்று வாழைப்பழத்தைப் பற்றியதுதான். அதைப் படித்தால் கம்பம் பள்ளத்தாக்குக்கும் அதில் ஒரு சேதி இருப்பது தெரியும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது? சந்தையில் பெரிய ஆளாக இருப்பது குற்றமில்லை. திறமையால் வளர்ந்தவனை யாரும் தண்டிக்க முடியாது. ஆனால் அந்த ஆதிக்க நிலையை வைத்துக்கொண்டு மற்றவர்களை நசுக்கினால் அது குற்றம். ஐரோப்பாவில் அன்று 86வது பிரிவு, இன்று 102வது பிரிவு. இந்தியாவில் 2002ஆம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் 4வது பிரிவு. இது 2009 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தது.

இனி வாழைப்பழ வழக்கு. 'சிக்கிட்டா' என்ற பெயரில் பழம் விற்ற அமெரிக்கக் கம்பெனி யுனைடெட் பிராண்ட்ஸ். 1975 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் அதற்கு அபராதம் போட்டது. கம்பெனி நீதிமன்றத்துக்குப் போனது. "எங்களுக்கு என்ன ஆதிக்கம்? வாழைப்பழம் பிடிக்காதவன் திராட்சை சாப்பிடட்டும், பீச் சாப்பிடட்டும்" என்பது அதன் வாதம்.

1978 பிப்ரவரி 14 அன்று வந்த தீர்ப்பு இதை ஏற்கவில்லை. வாழைப்பழம் மென்மையானது, விதையில்லாதது, வருடம் முழுக்கக் கிடைப்பது. குழந்தைகள், முதியவர்கள், நோயாளிகள் இதை விட்டுவிட்டு வேறு பழத்துக்கு எளிதில் போக மாட்டார்கள். எனவே வாழைப்பழம் தனிச் சந்தை என்றது நீதிமன்றம். அந்தச் சந்தையில் கம்பெனியின் பங்கு 40 முதல் 45 சதவீதம். பாதிகூட இல்லை! ஆனாலும் தோட்டம், கப்பல், விளம்பரம் எல்லாம் ஒரே கையில் இருந்ததால் அது ஆதிக்கமே என்று முடிவானது.

அது செய்த தவறுகள் என்ன? பழுக்க வைத்து விற்கும் வியாபாரிகள் காயைப் பச்சையாக மறுவிற்பனை செய்யக் கூடாது என்று நிபந்தனை போட்டது. இதன் விஷமம் ஐரோப்பிய நீதிபதிகளைவிட சின்னமனூர், கம்பம் வியாபாரிகளுக்குச் சீக்கிரம் புரியும். பச்சைக் காய் லாரியில் நாலு மாநிலம் தாண்டும், பழுத்த பழம் தாங்காது. பச்சையாக விற்காதே என்றால் உன் ஊரைத் தாண்டி விற்காதே என்றுதான் அர்த்தம்.

அடுத்து, ஒரே துறைமுகத்தில் இறங்கிய ஒரே தரப் பழத்துக்கு நாட்டுக்கு நாடு ஒரு விலை. ஒரு கட்டத்தில் டென்மார்க் வியாபாரி கொடுத்த விலை அயர்லாந்து வியாபாரி கொடுத்ததைப் போல 2.38 மடங்கு. மூன்றாவது, போட்டிக் கம்பெனியின் விளம்பரத்தில் பங்கேற்றார் என்பதற்காக ஒரு டேனிஷ் வியாபாரிக்கு 1973 அக்டோபர் முதல் 1975 பிப்ரவரி வரை சப்ளையை நிறுத்தியது.

அநியாய விலை என்ற குற்றச்சாட்டு மட்டும் நிற்கவில்லை. உற்பத்திச் செலவை ஆணையம் ஆராயவேயில்லை என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. அபராதமும் 10 லட்சம் கணக்கு அலகிலிருந்து (அப்போது யூரோ கிடையாது) 8.5 லட்சமாகக் குறைந்தது.

நம் நாட்டில் இந்தச் சட்டம் என்றாலே நினைவுக்கு வருவது கூகுள். சென்னையின் மேட்ரிமோனி.காம் உள்ளிட்டவர்கள் கொடுத்த புகாரில் 2018இல் இந்தியப் போட்டி ஆணையம் 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆண்ட்ராய்டு விவகாரத்தில் 2022இல் 1,337.76 கோடி. நல்லதுதான். ஆனால் இந்தச் சட்டம் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு மட்டும்தானா?

4வது பிரிவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். நியாயமற்ற 'விற்பனை' விலை மட்டுமல்ல, நியாயமற்ற 'கொள்முதல்' விலையும் அதில் உண்டு. அதாவது வாங்குபவனின் ஆதிக்கமும் சட்டத்துக்குள் வருகிறது. இங்கேதான் 1978 தீர்ப்பைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். சாப்பிடுகிறவனுக்கு வேறு பழம் உண்டா என்று நீதிமன்றம் கேட்டது. விளைவிக்கிறவனுக்கு வேறு ஆள் உண்டா என்று யார் கேட்பது?

ஜி9 ஆகட்டும், செவ்வாழை ஆகட்டும், தார் முற்றினால் வெட்டியே ஆக வேண்டும். அடுத்த மாதம் விலை ஏறும் என்று மரத்திலேயே விட முடியாது. காகிதத்தில் தமிழ்நாடு முழுவதும் சந்தை. நிஜத்தில், காய் கெடுவதற்குள், லாரி வாடகை கட்டுப்படியாகும் தூரத்துக்குள் யார் வாங்க வருகிறார்களோ அவர்கள்தான் சந்தை. பழத்தின் குணத்தை வைத்து ஐரோப்பாவில் சந்தையை அளந்தார்கள் என்றால் இங்கே ஏன் அளக்கக் கூடாது?

இன்னொரு ஓட்டையும் உண்டு. ஐரோப்பியப் பிரிவு "ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட" நிறுவனங்களின் ஆதிக்கம் என்கிறது. இந்தியப் பிரிவோ ஒரு நிறுவனம் அல்லது ஒரே கட்டுப்பாட்டில் உள்ள குழுமம் என்பதோடு நிற்கிறது. தனித்தனியான நாலைந்து பேர் ஒரே விலை சொன்னால் 4வது பிரிவு உதவாது. அவர்கள் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று 3வது பிரிவில் நிரூபிக்க வேண்டும். தோட்டத்துப் பேச்சுக்கு ஏது ரசீது?

வியாபாரிகள் எல்லோரும் வில்லன்கள் என்று அர்த்தமில்லை. காற்றில் மரம் சாய்ந்தால் முன்பணம் கொடுத்தவருக்கும் நஷ்டம்தான். ஆனால் "பிடிக்காவிட்டால் வேறு ஆளுக்குப் போடு" என்று ஒருவர் தைரியமாகச் சொல்ல முடிகிறது என்றால், வேறு ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியும் என்றுதானே பொருள்?

விவசாயிகள் சங்கமும் ஆணையத்தில் புகார் தரலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் சட்டத்தில் "ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட" என்ற அந்தச் சில வார்த்தைகளைச் சேர்க்கும் வரை அந்தக் கதவு பாதிதான் திறந்திருக்கும். கூகுளுக்குக் கோடிக்கணக்கில் அபராதம் போடத் தெரிந்த நாட்டுக்கு வாழைத்தாரின் விலையைக் கேட்கவும் தெரிய வேண்டும்.