காலைக் குறை கூறாதீர்!

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

கையில் கம்பு உறுதியாக இருந்தும் காலால் தோற்றவன் நான். சென்ற ஆண்டு கல்லூரிகளுக்கிடையே நடந்த சிலம்பப் போட்டியின் இரண்டாம் சுற்று. எதிராளியின் வீச்சைத் தடுத்து முன்னே பாய்ந்தேன். வலப் பாதத்தின் உள்வளைவு கல்லாய் இறுகிற்று. விரல்கள் தாமாகவே மடங்கின. நின்ற இடத்திலேயே அமர்ந்துவிட்டேன். "பயந்தாங்கொள்ளிக்குத்தான் கால் இழுக்கும்" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தனர்.

நானாவது மறுவாரம் களத்துக்குத் திரும்பினேன். முதலாண்டு மாணவர் ஒருவரோ, பயிற்சியில் இருமுறை கால் இழுத்துக்கொள்ள, கேலிக்கு அஞ்சி வருவதையே நிறுத்திவிட்டார். நல்ல காலடி உடையவர். அவரை இழந்தது யார் குற்றம்? இதை எண்ணியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

'நரம்பு இழுத்துக்கொண்டது' என்கிறோம். உண்மையில் இறுகுவது தசை. ஏன் இறுகுகிறது? தசையைச் சுருங்கச் செய்யும் தூண்டலும் அதனை அடக்கும் தூண்டலும் ஒன்றுக்கொன்று சமனாக இருத்தல் வேண்டும். தசை களைத்துப் போனால் முன்னது மிகுந்து பின்னது குறைகிறது என்ற கருத்தைத் தென்னாப்பிரிக்க மருத்துவர் மார்ட்டின் ஷ்வெல்னஸ் குழுவினர் 1997இல் முன்வைத்தனர். சிலம்பத்தில் நாம் குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நின்று சுழல்கிறோம். பாதத்தின் சிறு தசைகள் சுருங்கிய நிலையிலேயே நெடுநேரம் உழைக்கின்றன. அவை களைத்து இறுகுவதில் வியப்பென்ன?

உப்பும் நீரும் குறைவதே காரணம் என்பது பழைய கருத்து. 1930களில் அமெரிக்காவின் ஹூவர் அணையைக் கடும் வெயிலில் கட்டிய தொழிலாளர்களுக்கு இத்தகைய பிடிப்பு வந்தது. உணவில் உப்பு கூட்டியது பயன் தந்தது. ஆயினும் போதிய நீர் அருந்திய ஓட்டக்காரர்களுக்கும் பிடிப்பு வருவதால், அஃதொன்றே காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் இக்காரணங்களுள் எதிலும் 'அச்சம்' என்பது இல்லை!

"எங்கள் காலத்தில் தண்ணீர் கேட்டோமா? பதம் பார்த்தா பழகினோம்?" என்று பெரியோர் கேட்கலாம். அவர்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அவர்கள் வரப்பிலும் வயலிலும் வெறுங்காலுடன் நடந்தவர்கள்; நாள் முழுவதும் அவர்களுடைய பாதம் பயிற்சி பெற்றுக்கொண்டே இருந்தது. காலையில் நீராகாரம் குடித்துவிட்டுக் களம் புகுந்தார்கள். நாமோ பகலெல்லாம் செருப்புக் காலுடன் பெஞ்சில் அமர்ந்திருந்துவிட்டு, மாலையில் வெறும் வயிற்றோடு கெட்டித் தரையில் குதிக்கிறோம். அவர்களுடைய கண்டிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்களுடைய வாழ்க்கையை விட்டுவிட்டோம்.

ஆகவே நான் வேண்டுவன மூன்று. ஒன்று: கம்பைத் தொடுமுன் பத்து நிமிடம் மெல்ல நடந்து, குதிகாலை ஏற்றி இறக்கி, விரல்களை மடக்கி விரித்துப் பாதத்தைச் சூடேற்றுவோம். இரண்டு: புதிதாகச் சேர்ந்தவர்களை முதல் நாளே மூத்தவர்களுக்கு இணையாகச் சுழல விடாமல், வாரந்தோறும் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டுவோம். மூன்று: களத்தின் ஓரத்தில் ஒரு தண்ணீர்ப் பானை இருக்கட்டும். கோடையில் உப்பிட்ட நீர்மோர் கிடைத்தால் இன்னும் நன்று. உப்பு மாத்திரைகளைத் தாமாக விழுங்குவது மட்டும் வேண்டா.

இத்தனைக்குப் பிறகும் கால் இழுத்தால் பதற வேண்டியதில்லை. ஆட்டத்தை நிறுத்தி, உட்கார்ந்து, கால் விரல்களைக் கையால் பற்றி முழங்காலை நோக்கி மெல்ல இழுத்துப் பிடித்தால் பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தளரும். வெட்டி இழுக்கக் கூடாது. அடிக்கடி வந்தாலும், வீக்கமோ மரமரப்போ கண்டாலும் மருத்துவரைக் காண்பதே முறை.

மாணவத் தோழர்களே! வலியைப் பொறுப்பது வீரந்தான். ஆனால் தோழன் வலியில் அமர்ந்திருக்கும்போது சிரிப்பது வீரமாகுமா? அடுத்த முறை களத்தில் ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தால், முதலில் அவருடைய பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் கை நம்முடையதாக இருக்கட்டும். வராமல் நின்றுவிட்ட அந்த முதலாண்டுத் தம்பியை அழைத்துவர நான் நாளை செல்கிறேன். உடன் வருவோர் வரலாம்.