பசை போச்சு, புற்று பரவிச்சு: இந்தக் கதையை நிறுத்துங்கப்பா!

மக்களே, கொஞ்ச நாளா ஒரே கடுப்பு. கேன்சர் பயாலஜியில யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: ஈ-காட்ஹெரின் குறைஞ்சா செல் கழண்டுக்கும், புற்றுநோய் பரவும். முடிஞ்சுது. நானும் பரீட்சையில இதையே எழுதி மார்க் வாங்கின ஆள்தான். ஆனா கல்லீரல் புற்றுநோயைப் பத்திப் படிக்கப் படிக்க வெக்கமா இருக்கு.

முதல்ல நியாயமா பேசிடறேன். காட்ஹெரின்கிறது கால்சியம் துணையோட பக்கத்து செல்லைப் பிடிச்சுக்கிற புரதம். ஜப்பான்காரர் மசடோஷி தாகேச்சி கண்டுபிடிச்சது. கல்லீரல் செல்லுல கிளம்புற புற்றுல இது குறையறதும், குறைஞ்ச கட்டிகள் பல ஆய்வுகள்ல மோசமா நடந்துக்கிட்டதும் உண்மை. அதை நான் மறுக்கலை. கதையே அவ்வளவுதான்னு சொல்றதைத்தான் மறுக்கிறேன்.

ஒண்ணு: 'ஈ-காட்ஹெரின் போய் என்-காட்ஹெரின் வந்தா ஆபத்து'ன்னு ஒரு மந்திரம் இருக்கே, ஆரோக்கியமான கல்லீரல் செல்லுலயே என்-காட்ஹெரின் இருக்குங்க! எலியோட கல்லீரல்ல போர்ட்டல் சிரை பக்கம் ஈ அதிகம், மத்திய சிரை பக்கம் என் அதிகம். வேற உறுப்புக்கு எழுதின நோட்ஸை இங்க ஒட்டினா எப்படி?

ரெண்டு: எப்கேம். இதுவும் செல்களை ஒட்டவைக்கிற புரதம்னுதான் பேர் வாங்கிச்சு. முதிர்ந்த கல்லீரல் செல்லுல கிடையாது, கருவுல இருக்கிற முன்னோடி செல்லுல உண்டு. கட்டியில இதுவும் ஏஎஃப்பியும் சேர்ந்து தலைகாட்டினா நோயாளியோட நிலை மோசம்னு 2008-லயே ஆய்வு வந்தாச்சு. பசை குறைஞ்சா ஆபத்துன்னா, பசை வந்தா ஏன் ஆபத்து? ஏன்னா இது வெறும் பசை இல்ல. இதோட உள்முனை வெட்டுப்பட்டு நியூக்ளியஸுக்குள்ள போய் 'வளரு'ன்னு சொல்லும்.

மூணு: 2015-ல சீன ஆய்வாளர்கள் காட்டினது. சில கல்லீரல் கட்டிகள்ல ரத்தக்குழாய் செல்கள் புற்றுசெல் கூட்டத்தை உறை மாதிரி சுத்திக்கும். கூட்டம் அப்படியே பொட்டலமா ரத்தத்துல இறங்கிடும். யாரும் கையை விட வேண்டியதே இல்ல!

மார்பகப் புற்றுலகூட அந்த ஒரு வரி நிக்கலை. 2019-ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு நேச்சர்ல எழுதினாங்க: ஈ-காட்ஹெரினை எடுத்துட்டா செல்கள் அக்கம்பக்கத்துல நல்லா ஊடுருவுது, ஆனா செத்தும் போகுது. தூரத்துல போய்க் குடியேற அந்தப் புரதம் தேவைப்படுது.

'பரீட்சைக்கு ஒரு வரி போதாதா?'ன்னு கேப்பீங்க. போதாது. நாளைக்கு ஸ்லைடுல பழுப்புக் கறையைப் பாத்துட்டு 'நல்லாத்தான் ஒட்டிக்கிட்டு இருக்கு, பயமில்ல'ன்னு எழுதப்போறது நம்மள்ல ஒருத்தர்தான். அந்த ரிப்போர்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு வாசல்ல ஒரு குடும்பம் நிக்கும்.

எந்தப் புரதம், எந்த உறுப்பு, நோயோட எந்தக் கட்டம்? இந்த மூணு கேள்வியைக் கேக்காம இனிமே 'பசை'ன்னு சொல்லாதீங்க. ப்ளீஸ்.