பிழைச் செய்தியை முதலில் வாசிப்போமே

கணினியில் கோளாறு என்றதும் நம் விடுதியில் கிடைக்கும் முதல் ஆலோசனை, "எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போடு" என்பதுதான். இதை நான் ஏற்பதில்லை.

கடந்த பருவத்தில் என் மடிக்கணினியின் இயங்குதளத்தை மேம்படுத்தினேன். அதோடு மைஎஸ்கியூஎல் தரவுத்தள மென்பொருளும் 8.0இலிருந்து 8.4க்கு மாறிவிட்டது. மறுநாள் இறுதியாண்டுத் திட்டத்தின் தரவுத்தளத்துக்குள் நுழைய முடியவில்லை. கடவுச்சொல்லைப் பத்து முறையாவது தட்டியிருப்பேன். மூத்த மாணவரான அண்ணன் ஒருவர் அதே ஆலோசனையைத்தான் சொன்னார். கேட்டிருந்தால் இரண்டு பருவங்கள் சேகரித்த தரவுகள் போயிருக்கும். நகல் எடுத்து வைக்காதது என் தவறு.

அன்றிரவுதான் திரையில் இருந்ததை முழுதாக வாசித்தேன். கடவுச்சொல் தவறென்றால் பிழை எண் 1045 வரும். எனக்கு வந்ததோ 1524. என் கணக்கைச் சரிபார்க்கும் பழைய செருகுநிரல் இயக்கப்படவில்லை என்பது அதன் பொருள். 2024இல் வெளிவந்த 8.4 பதிப்பு அதை முடக்கியே வைத்திருக்கிறது. அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து அதைத் தற்காலிகமாக இயக்கினேன். கணக்கைப் புதிய முறைக்கு மாற்றினேன். பிறகு அந்த வரியை நீக்கினேன். தரவுகள் அப்படியே இருந்தன. 9.0க்குப் போயிருந்தால் இந்த வழியும் இல்லை. அதில் பழைய செருகுநிரல் அறவே நீக்கப்பட்டுவிட்டது.

தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போன நாள்களில், புரியாத ஆங்கில வரியைத் தாண்டிவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பேன். அந்தப் பழக்கம் பல்கலைக்கழகம் வரை வந்துவிட்டது. நம்மில் பலரும் அப்படித்தான் என நினைக்கிறேன். புதிய மாணவர்கள் அண்ணன், அக்காவைக் கேட்கட்டும், தவறில்லை. திரையிலுள்ள வரியை எழுதி எடுத்துக்கொண்டு வரட்டும். அண்ணன்மார்களும் "என்ன எண் வந்தது?" என்று கேட்டபிறகு பதில் சொல்லட்டும்.